தாகத்தை வரிசையில் நிற்க வைக்காதீர்கள்: மருத்துவமனை நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவமனை நிர்வாகத்தினருக்கும் இரைப்பை குடல் பிரிவுத் தலைவருக்கும்,

வணக்கம். என் அப்பாவின் கோப்பு உங்களிடம் இருப்பதால் நோயின் கதையை மறுபடி எழுதவில்லை. கணையப் புற்று முன்சிறுகுடலை நெரித்து இரைப்பையிலிருந்து உணவு வெளியேறும் வாசலை அடைத்துவிட்டது என்று ஸ்கேனில் தெரிந்த அன்றே, அடைப்பைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் என்ற குழாயை வைக்கலாம் என உங்கள் மருத்துவர் குறிப்பு எழுதினார். அது வைக்கப்படும் வரை அப்பா காத்துக் கிடந்த நாட்களைப் பற்றித்தான் இந்த மடல்.

வலிக்கு மருந்து இருந்தது. தாகத்துக்கு இல்லை. நரம்பில் சலைன் ஏறிக்கொண்டே இருந்தும் அவர் நாக்கு காய்ந்து மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஈரப் பஞ்சால் உதட்டைத் துடைத்தால் பஞ்சைப் பல்லால் கவ்விக்கொள்வார், விடமாட்டார். நான்தான் அதைப் பிடுங்கி எடுக்க வேண்டும். பக்கத்துக் கட்டில்களுக்குச் சாப்பாடு வரும் நேரத்தில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

நாங்கள் கேட்டபோதெல்லாம் ஒரு காரணம் வந்தது. ஸ்டென்ட் கையிருப்பில் இல்லை, எக்ஸ்ரே வசதியுள்ள அறை காலியில்லை, அறுவைப் பிரிவின் கருத்து வரவில்லை, இன்று ஞாயிற்றுக்கிழமை. கருத்துக் கேட்பது சரிதான். 2 மாதங்களுக்கு மேல் வாழக்கூடியவருக்கு இரைப்பையைச் சிறுகுடலோடு இணைக்கும் அறுவை நின்று பலன் தரும். ஸ்டென்ட்டுக்குள் கட்டி வளர்ந்து மீண்டும் அடைக்கலாம், ஸ்டென்ட் நழுவலாம், குடலில் துளையும் விழலாம். குடல் பல இடங்களில் அடைபட்டவருக்கு அது பயன்படாமலும் போகலாம். இவற்றையெல்லாம் எடைபோடத்தான் வேண்டும். அதற்கு மருத்துவர்கள் ஒருமுறை கூடிப் பேசினால் போதாதா?

அடைப்பு உறுதியான 48 மணி நேரத்துக்குள் முடிவெடுங்கள் என்பதே என் கோரிக்கை.

கடைசியில் ஒரு நாள் வைத்தார்கள். எண்டோஸ்கோப் வழியாக மெல்லிய கம்பி அடைப்பைத் தாண்டிப் போனது. அதன் மேல் ஏற்றிய உலோக வலைக்குழாய் தானாக விரிந்தது. மறுநாள் அப்பா தண்ணீர் குடித்தார். பிறகு குழைந்த உணவும் இறங்கியது. இத்தனை நாள் இதற்கா காத்திருந்தோம் என்று நினைத்தபோது வந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

“கடைசிக் கட்டம்தானே” என்று வார்டில் ஒருவர் என் காதுபடவே சொன்னார். குணமாக்க முடியாதவர் என்றால் எல்லா வரிசையிலும் கடைசி என்பது எங்கே எழுதியிருக்கிறது? சில வாரங்களே மிச்சமிருப்பவருக்கு ஒரு வாரம் என்பது எவ்வளவு பெரிது! அதை எடுத்துக்கொள்ளும் உரிமையை உங்களுக்கு யார் தந்தது?

கடுமையாக எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். செவிலியர்கள் அப்பாவைத் தங்கள் வீட்டு மனிதரைப் போலப் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. நான் கேட்பது நிர்வாகத்தை. ஸ்டென்ட்டைக் கையிருப்பில் வையுங்கள். 48 மணி நேரத்துக்குள் முடிவெடுங்கள், அது சனி ஞாயிறாக இருந்தாலும். யார் பொறுப்பு என்பதை எழுத்தில் தெரிவியுங்கள்.

அப்பாவின் இறப்புச் சான்றிதழுக்காக நேற்று வந்தபோது, அதே வார்டில் இன்னொருவர் மூக்குக் குழாயோடு ஸ்டென்ட்டுக்குக் காத்திருந்தார். தயவுசெய்து அவரிடமிருந்தே தொடங்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் மகள்