போக்குவரத்துக் கழக மேலாண்மை இயக்குநருக்கு: என் மகளுக்கு வயது பத்துதான்

மதிப்பிற்குரிய மேலாண்மை இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் இரண்டாம் சனிக்கிழமை தங்கள் கழகத்தின் வெளியூர்ப் பேருந்து ஒன்றில் என் மகளுக்கு அரை டிக்கெட் கேட்டபோது நடந்ததைப் பற்றி அன்று மாலையே கிளை மேலாளருக்கு மனு எழுதினேன். அடுத்த வாரம் தங்கள் அலுவலகத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஒப்புகை அட்டை திரும்பி வந்தது, பதில் வரவில்லை. தடம் எண், நேரம், பயணச்சீட்டு எண் எல்லாம் அந்த மனுவில் இருப்பதால் அவற்றை இங்கே மறுபடி எழுதவில்லை. நடத்துநரின் பெயரை அந்த மனுவிலும் நான் எழுதவில்லை. அவர்மீது நடவடிக்கை வேண்டும் என்பது என் நோக்கமும் அன்று. குழந்தையின் வயதுக்கு ஆவணம் இருக்கும்போது அதைப் பார்த்து முடிவு செய்யுங்கள், ஆளைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள் என்று தங்கள் நடத்துநர்களுக்கும் பரிசோதகர்களுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்ப வேண்டும் என்பதே நான் கேட்பது.

என் மகளுக்கு வயது பத்து, உயரம் 151 செ.மீ. அவள் அப்பா வழியில் எல்லோரும் நெட்டை. பார்ப்பவர்களுக்கு அவள் எட்டாம் வகுப்போ ஒன்பதாம் வகுப்போ படிப்பவளாகத் தோன்றுவாள் என்பதை நான் மறுக்கவில்லை. சாதாரண நகரப் பேருந்தில் இதனால் தொல்லை எதுவும் வந்ததில்லை. 2021 மே மாதத்திலிருந்து அங்கே பெண்களுக்குக் கட்டணமே கிடையாது என்பதால் அவள் பத்து வயதா பதினைந்து வயதா என்று யாரும் கேட்பதில்லை. வெளியூர் வண்டியில் ஏறினால்தான் கேள்வி பிறக்கிறது. அன்று ஒரு முழு டிக்கெட்டுக்கு 46 ரூபாய், அரை டிக்கெட்டுக்கு 23 ரூபாய். அந்த 23 ரூபாய் வித்தியாசத்துக்காக என்ன நடந்தது என்பதைத் தாங்கள் பொறுமையாகக் கேட்க வேண்டும்.

எனக்கு ஒரு முழு டிக்கெட், மகளுக்கு ஒரு அரை டிக்கெட் கேட்டேன். நடத்துநர் என்னிடம் வயது கேட்கவில்லை. அவளைப் பார்த்து, "என்ன கிளாஸ் படிக்கிற?" என்றார். "அஞ்சாவது" என்றாள். "எத்தனை வருஷமா அஞ்சாவது?" என்று கேட்டார், பின்னால் நாலைந்து பேர் சிரித்தார்கள். பிறகு அவளை எழுந்து வரச் சொல்லி, முன்படியை ஒட்டிய கம்பியில் 130 செ.மீ. என்று கோடு போட்டிருக்கும் இடத்தில் முதுகைக் காட்டி நிறுத்தினார். வண்டி ஓடிக்கொண்டிருந்தது. பிடித்துக்கொள்ள வேண்டிய கம்பியிலேயே சாய்ந்து நின்றதால் ஒவ்வொரு திருப்பத்திலும் அவள் தடுமாறினாள். அப்போது முன் இருக்கையில் இருந்த ஓர் அம்மாள், "இது வயசுக்கு வந்த பொண்ணு, இதுக்குப் போயி அரை டிக்கெட் கேக்கறாங்களே" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது வண்டியில் பாதிப் பேருக்குக் கேட்டது. என் மகளுக்கும் கேட்டது. பத்து வயதுக் குழந்தையின் உடம்பைப் பற்றி அறிமுகமில்லாத அறுபது பேர் கருத்துச் சொல்லும் இடமாக ஒரு பேருந்து ஆனதற்கு அந்தக் கோட்டையும் அதற்குப் பின்னால் இருக்கும் விதியையும் தவிர வேறு எதைக் குறை சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

கைப்பேசியில் இருந்த அவளுடைய ஆதார் அட்டையைக் காட்டினேன். "செல்லுல இருக்கறதெல்லாம் செல்லாதும்மா" என்றார். அதை நகைச்சுவையாகச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை. டிஜிலாக்கரில் இருக்கும் ஆவணத்தை மூல ஆவணத்துக்கு இணையாகக் கொள்ள வேண்டும் என்று மைய அரசின் விதியே இருக்கிறது என்றேன். அவர் குரலைத் தாழ்த்தி, "செக்கிங் ஏறினா எனக்குத்தாம்மா மெமோ. அவங்க புள்ளையப் பாப்பாங்களா, உங்க செல்லப் பாப்பாங்களா?" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் அவர்மேல் எனக்குக் கோபமில்லை. 46 ரூபாய் கொடுத்து முழு டிக்கெட் வாங்கிக்கொண்டேன்.

இந்தக் கதையின் மறுபாதியையும் சொல்லியாக வேண்டும். எங்களோடு என் அக்கா மகனும் வந்திருந்தான். அவனுக்குப் பதின்மூன்று வயது முடிந்துவிட்டது. சிறு வயதிலிருந்து சிறுநீரகக் கோளாறுக்காக ஸ்டீராய்டு மருந்து சாப்பிட்டதில் வளர்ச்சி குன்றி, அந்தக் கோட்டுக்கு இரண்டு விரற்கடை கீழேதான் இன்னும் நிற்கிறான். நான் கேட்காமலே அவனுக்கு அரை டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டார் நடத்துநர். "இவனுக்கு முழு டிக்கெட் வேண்டும், எட்டாவது படிக்கிறான்" என்று நான் சொன்னபோது வண்டியில் மறுபடியும் சிரிப்பு. அந்தப் பையன் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஒரே இருக்கையில் பத்து வயதுக்காரிக்கு முழு டிக்கெட், பதின்மூன்று வயதுக்காரனுக்கு அரை டிக்கெட். கழகத்துக்கு அதில் இலாபமும் இல்லை, நட்டமும் இல்லை. இரண்டு குழந்தைகள் மட்டும் இறங்கும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

ஐயா, அந்த 130 செ.மீ. கோட்டை யார் எந்தக் கணக்கில் போட்டார்கள் என்று அறிய ஆவலாக இருக்கிறேன். அரை டிக்கெட் சலுகை பன்னிரண்டு வயது வரை. உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட வளர்ச்சி அட்டவணைப்படி ஒன்பது வயதுப் பெண் குழந்தையின் நடுத்தர உயரம் 132.5 செ.மீ., ஆண் குழந்தைக்கும் ஏறத்தாழ அதேதான். பன்னிரண்டு வயதில் அது 150 செ.மீ.யை ஒட்டி நிற்கிறது. நம் ஊர்ப் பிள்ளைகள் அந்த அட்டவணையைவிடச் சற்றுக் குட்டை என்றே வைத்துக்கொண்டாலும், சாதாரணமாக வளரும் ஒரு குழந்தை பன்னிரண்டுக்கு வெகு முன்பே அந்தக் கோட்டைத் தாண்டிவிடும். ஆக, நெட்டையான ஒரு பிள்ளைக்கு எப்போதோ நேர்ந்துவிட்ட தவறு அன்று இது. அரசு ஒரு கையால் கொடுத்த சலுகையைக் கம்பியில் அடித்த பெயிண்ட் இன்னொரு கையால் பறித்துக்கொள்கிறது. கோடு சொல்வது உயரத்தை மட்டுமே. உயரத்துக்குத்தான் கட்டணம் என்றால் அதையாவது விதியாக எழுதிவிடுங்கள், நெட்டையர்கள் எல்லோரும் ஒன்றரை டிக்கெட் எடுத்துக்கொள்கிறோம்.

இராட்டினத்தில் ஏற உயரம் பார்ப்பது எனக்குப் புரிகிறது. பாதுகாப்புக் கம்பி உடம்பைப் பிடிக்க வேண்டும், அங்கே வயதால் பயனில்லை. ஐந்து வயது முதல் பன்னிரண்டு வயதுக்குள் என்று குழந்தைக் கட்டணம் வைத்திருக்கும் இரயிலில், பயணச்சீட்டுப் பரிசோதகர் ஐயம் வந்தால் அடையாள அட்டை கேட்டுப் பார்த்ததைக் கண்டிருக்கிறேன். என் மகளைக் கதவோரம் நிறுத்தி அவர் அளந்ததில்லை.

வயதைத் தோற்றத்தால் அறியும் வழக்கம் நமக்குப் புதிதன்று என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். வலக்கையைத் தலைக்கு மேலே சுற்றி இடக்காதைத் தொட முடிந்தால் ஐந்து வயது என்று பள்ளியில் சேர்த்த தலைமுறைதான் என் அப்பாவுடையது. கை எட்டியதும் தலைமையாசிரியர் ஜூன் 1 என்று ஒரு பிறந்த நாளைப் போட்டுக்கொடுத்தார். அந்தப் பிறந்த நாளை வைத்துத்தான் அப்பாவின் பணி ஓய்வும் கணக்கிடப்பட்டது. அவருடைய வகுப்பில் பாதிப் பேருக்கு அதே பிறந்த நாள். அன்று வேறு வழியில்லை, வீட்டில் பிறந்த பிள்ளைக்குச் சான்றிதழ் எங்கே இருந்தது? இன்று அப்படியா? என் மகள் அரசு மருத்துவமனையில் பிறந்தாள். பிறப்புச் சான்றிதழ் இருக்கிறது, ஆதார் இருக்கிறது, பிறந்த தேதி அச்சிட்ட பள்ளி அடையாள அட்டை இருக்கிறது. 2023 அக்டோபர் 1க்குப் பிறகு பிறக்கும் குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் பாஸ்போர்ட் வரை பிறந்த தேதிக்குப் பிறப்புச் சான்றிதழே ஆதாரம் என்று சட்டமே திருத்தப்பட்டுவிட்டது. காதைத் தொடச் சொன்ன தலைமையாசிரியர்கள்கூடப் போய்விட்டார்கள். தங்கள் பேருந்தின் கம்பி மட்டும் நிற்கிறது.

இதைவிடக் கசப்பான ஓர் ஒப்பீடும் உண்டு. குற்றம் செய்ததாகப் பிடிபட்ட ஒரு சிறுவனின் வயதில் ஐயம் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 94ஆம் பிரிவில் சொல்கிறது. பார்த்தவுடனேயே குழந்தை என்று தெளிவாகத் தெரிந்தால் மேற்கொண்டு சான்று தேடி அலைய வேண்டாம், குழந்தையாகவே நடத்துங்கள் என்கிறது. ஐயம் இருந்தால் முதலில் பள்ளிச் சான்று, அது இல்லாவிட்டால் உள்ளாட்சி அமைப்பின் பிறப்புச் சான்று, இரண்டும் இல்லாதபோதுதான் எலும்புப் பரிசோதனை. அந்த எலும்புப் படத்திலும் இரண்டு வருடம் முன்பின்னாகத் தவறு வரலாம் என்று உச்ச நீதிமன்றம் 1982லேயே குறிப்பிட்டிருக்கிறது. எக்ஸ்ரே எடுத்தும் மருத்துவரால் துல்லியமாகச் சொல்ல முடியாத வயதை, ஓடும் வண்டியில் ஒரு கையில் டிக்கெட் கருவியும் விரலிடுக்கில் நோட்டுமாக நிற்கும் நடத்துநர் ஒரு பார்வையில் சொல்லிவிட வேண்டும் என்று தங்கள் கழகம் எதிர்பார்ப்பது அவருக்கும் இழைக்கும் அநீதி. வழிப்பறிக் குற்றச்சாட்டில் நிற்கும் பையனுக்குப் பள்ளிச் சான்றிதழைக் காட்ட உரிமை உண்டு. டிக்கெட் எடுக்க வந்த ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு அது இல்லை.

வயதைக் குறைத்துச் சொல்லும் பெற்றோர் இருக்கிறார்கள், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஐந்து வயது வரை கட்டணமில்லை என்று 2022 மே மாதம் சட்டமன்றத்தில் அறிவித்த பிறகு, ஏழு வயதுப் பிள்ளைகளும் பேருந்து நிலையத்தில் திடீரென்று இடுப்பில் ஏறிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். அவர்களைக் கண்டுபிடிக்கவும் ஆவணம்தானே வழி? இடுப்பில் இருக்கும் பிள்ளையைக் கோட்டில் நிறுத்திப் பார்ப்பதில்லை. கேட்டதும் எழுந்து வந்து நிற்கும் பிள்ளைதான் அகப்படுகிறது.

இனி, எது என்னை இதை எழுத வைத்ததோ அதைச் சொல்கிறேன். சென்ற ஞாயிற்றுக்கிழமை மீண்டும் அதே ஊருக்குப் போக வேண்டியிருந்தது. இந்த முறை பிறப்புச் சான்றிதழின் நகலைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கையில் வைத்திருந்தேன். வண்டி நிலையத்துக்குள் நுழைவதைப் பார்த்ததும் என் மகள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். மழை பெய்து ஓய்ந்த சேறும் வெற்றிலைத் துப்பலுமாகக் கிடந்த தரையில் வெறுங்காலோடு நின்றாள். ஏன் என்று கேட்டதற்கு, "கொஞ்சம் குறையும்மா" என்றாள். ஏறி உட்கார்ந்த பிறகும் முழங்காலை மடக்கி, தோளைக் குறுக்கிக்கொண்டு என்மேல் சாய்ந்தே இருந்தாள். அன்று வந்த நடத்துநர் நல்லவர், ஒரு கேள்வியும் கேட்காமல் அரை டிக்கெட் கொடுத்தார். அப்படியும் அவள் நிமிரவில்லை. பள்ளியில் உயர வரிசையில் கடைசியாக நிற்பதில் சென்ற வருடம்வரை அவளுக்கு அத்தனை பெருமை.

என் வேண்டுகோளை மறுபடி பணிவோடு வைக்கிறேன். பிறந்த தேதி உள்ள எந்த ஆவணத்தையும், நகலாகவோ கைப்பேசியிலோ காட்டினால் ஏற்க வேண்டும் என்று எழுத்து மூலமாக உத்தரவிடுங்கள். அந்த ஆவணத்தைப் பார்த்து அரை டிக்கெட் கொடுத்த நடத்துநருக்குப் பரிசோதனையில் மெமோ தரக்கூடாது என்பதையும் அதே உத்தரவில் சேருங்கள். இது இல்லாவிட்டால் முதல் பகுதி செல்லாக்காசு. கேள்வி இருந்தால் பெரியவர்களிடம் கேட்கட்டும், குழந்தையை எழுப்பி நிறுத்த வேண்டாம். ஆவணமே இல்லாதபோது மட்டும் கோட்டைப் பார்ப்பது என்றால், அதைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் உயரத்துக்கு ஏற்ற இடத்திலாவது மாற்றி வரையுங்கள். இதற்கெல்லாம் பெரிய செலவு ஆகாது என்று நினைக்கிறேன். அன்று கூடுதலாகக் கொடுத்த 23 ரூபாயைத் திருப்பிக் கேட்கவில்லை, வேண்டுமானால் பெயிண்டுக்கு வைத்துக்கொள்ளலாம். இந்த வரியை எழுதியிருக்கக் கூடாதுதான், மன்னிக்கவும்.

வரும் மாதம் ஊரில் கோயில் கொடை விழா. என் மகளும் அக்கா மகனும் நானும் தங்கள் வண்டியில்தான் போக வேண்டும், அந்தத் தடத்தில் வேறு வண்டி கிடையாது. அதற்குள் தங்கள் பதில் கிடைத்தால் அதன் நகலையும் அந்தப் பிளாஸ்டிக் உறையில் வைத்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வெளியூர்ப் பேருந்துப் பயணி ஒருத்தி