ஏற்றத்தில் ஓட்டிப் பார்க்க விடுங்கள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் பழைய கார் வாங்கி விற்கும் அண்ணன்மாருக்கு,

வணக்கம். போன ஆவணியில் உங்களில் ஒருவரிடம் இரண்டு கதவு ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் வாங்கியவன் எழுதுகிறேன். யாரென்று சொல்லப்போவதில்லை, வாசித்தால் அவருக்கே தெரியும்.

ஹெரால்டை ஸ்போர்ட்ஸ் கார் கணக்கில் சேர்த்தால் சிலர் சிரிப்பார்கள். ஆனால் 1962-இல் வந்த டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காருக்கு இதன் சேஸிஸைத்தான் (அடிச்சட்டத்தைத்தான்) குட்டையாக்கிப் போட்டார்கள். இரண்டுக்கும் உருவம் கொடுத்தவர் இத்தாலிய வடிவமைப்பாளர் மிக்கேலோட்டி. நம்முடையது சென்னையில் செய்த வண்டி, 948 சிசிதான். ஆனாலும் பானட்டை முன்பக்கமாகச் சாய்த்துத் திறந்தால் தெருவே கூடிவிடும். நானும் அப்படித்தான் விழுந்தேன். பெயின்டைப் பார்த்தேன், கிளட்சைப் பார்க்கவில்லை.

சுசீந்திரம் ரோட்டில் பத்து நிமிடம் ஓட்டத் தந்தார். எஞ்சின் சூடாகவே இல்லை, ரோடும் சமதளம். "கிளட்ச் இப்பதான் மாத்தினது" என்றார். மறுவாரம் கீரிப்பாறை ஏற்றத்தில் டாப் கியரில் மிதிக்கிறேன். எஞ்சின் கத்துகிறது, ஸ்பீடோமீட்டர் முள் 40-ஐ விட்டு அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் பழைய சாக்கைப் பொசுக்கினது போல ஒரு நாற்றம். கிளட்ச் வழுக்குகிறது, எஞ்சின் சுற்றுவது சக்கரத்துக்குப் போகவில்லை.

கிளட்சைப் பார்க்க கியர்பாக்ஸை எடுக்கணும், இந்த வண்டியில் அது கீழே இறங்காது. முன் சீட்டைக் கழற்றி, கார்ப்பெட்டைச் சுருட்டி, நடுவில் இருக்கும் மூடியை எடுத்து, காருக்குள்ளிருந்தே தூக்கி எடுக்கணும். தக்கலையில் இரண்டு பேர் அந்தப் பாட்டைப் பட்டார்கள். மெக்கானிக் கிளட்ச் பிளேட்டைக் கையில் தந்தார். அதன்மேல் ரிவெட் அடித்து ஒட்டியிருக்கும் லைனிங், ரிவெட் தலை மட்டத்துக்குத் தேய்ந்திருந்தது. ரிவெட் உரசி, பிளேட் அழுந்தும் எஞ்சின் சக்கரமான பிளைவீலில் விழுந்த வட்டங்களை நகத்தால் தடவினால் தட்டியது. புதிதாக மாற்றினது கிளட்ச் பெடல் ரப்பரை மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

பிளேட்டோடு செலவு முடியவில்லை. பிளைவீலை லேத்தில் கொடுக்கணும். கிளட்சின் மற்ற பாகங்களான பிரஷர் பிளேட்டையும் ரிலீஸ் பேரிங்கையும் பழையதாகவே விட்டு, அதில் ஒன்று போனால் மறுபடியும் சீட்டைக் கழற்றணும், மறுபடியும் அதே கூலி. சாமானுக்குச் சென்னை புதுப்பேட்டை வரை ஆள் அனுப்பினேன்.

இன்னொன்று. நிற்கிற வண்டியில் ரிவர்ஸ் போடும்போது கரகரத்தது. "ஹெரால்டுக்கு அது வழக்கம்" என்றார். பாதி உண்மை. பழைய ஹெரால்டில் முதல் கியருக்கு சின்க்ரோ (பல்லுகள் உரசாமல் சேர வைக்கும் அமைப்பு) கிடையாது, ஓட்டத்தில் போட்டால் கரகரக்கும். ஆனால் நின்ற வண்டியில் கிளட்சை முழுசாக மிதித்து, நாலைந்து நொடி பொறுத்து ரிவர்ஸ் போட்டும் கடித்தால், கிளட்ச் சரியாக விடவில்லை. பெடலை மிதித்தால் ஆயில் அழுத்தத்தில் கிளட்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறையை விலக்கிப் பாருங்கள், உள்ளே ஈரம் இருந்தால் ஆயில் கசிகிறது. என் வண்டியில் இருந்தது.

உங்களுக்கும் சிரமம் உண்டு, தெரியும். களியக்காவிளைக்கு அப்பால், கேரளாவில் இருந்து வாங்கிவரும் வண்டியின் கிளட்சை நீங்கள் பிரித்துப் பார்த்திருக்க மாட்டீர்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள், அந்த விலைக்குப் பேசுவோம். மாற்றினது என்றால் பில்லைக் காட்டுங்கள், கழற்றிய பிளேட் இருந்தால் அதையும் காட்டுங்கள். அரைமணி ஓடிச் சூடான பிறகு ஒரு ஏற்றத்தில் டாப் கியரில் மிதித்துப் பார்க்க விடுங்கள். ஹேண்ட்பிரேக்கை இறுக்கி, மூன்றாம் கியரில் கிளட்சை விட்டதும் எஞ்சின் நின்றுவிடணும். அந்தச் சோதனைக்கு அரை நிமிடம் போதும், ஆனால் திரும்பத் திரும்பச் செய்யவேண்டாம், நல்ல பிளேட்டும் கருகும்.

வடசேரிப் பக்கம் உங்களில் ஒருவர் ஷெட்டில் இன்னொரு இரண்டு கதவு ஹெரால்டு நிற்கிறது. என் மைத்துனன் அதன்மேல் கண் வைத்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை தக்கலை மெக்கானிக்கோடு வருகிறோம். கீரிப்பாறை வரை கொண்டுபோக விடுவீர்களா என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பெட்ரோல் நாங்கள் போட்டுக்கொள்கிறோம்.