சோக்கேகிராவுக்கு நடந்து போ, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

மச்சு பிச்சுவுக்கு நடந்து போகும் இன்கா பாதைக்கு அனுமதி தீர்ந்துவிட்டது, பெரு பயணத்தையே விட்டுவிடலாமா என்று கேட்டிருந்தாய். விடாதே. வழிகாட்டி, சமையல்காரர், சுமை தூக்குபவர் எல்லோரையும் சேர்த்தே நாளொன்றுக்கு 500 பேரைத்தான் அந்தப் பாதையில் விடுகிறார்கள். ஆகஸ்ட் மாதத்துக்கு இப்போது கேட்டால் எப்படிக் கிடைக்கும்? மச்சு பிச்சுவை ரயிலில் போய்ப் பார்த்துக்கொள். நடந்தே ஒரு பழைய இன்கா ஊருக்குள் நுழைய வேண்டும் என்ற உன் ஆசைக்கு, இடிபாடாக நிற்கும் சோக்கேகிராவ் இருக்கிறது.

குஸ்கோவிலிருந்து காரில் நான்கு மணி நேரம், கச்சோரா என்ற ஊர். அதற்கு மேலே கபுலியோக்கில் பாதை தொடங்குகிறது. அங்கே நின்று பார்த்தால் எதிர்மலை கைக்கெட்டும் தூரம்போலத் தெரியும். நடுவில் அபுரிமாக் ஆறு. அதைத் தொட ஏறக்குறைய 1,400 மீட்டர் இறங்க வேண்டும். தொட்டதும் எதிர்ப்பக்கம் கிட்டத்தட்ட அதே உயரம் ஏற வேண்டும். கொண்டை ஊசி வளைவுகள், புழுதி, கள்ளிச்செடி, கடிக்கும் சின்ன ஈக்கள். கீழே போகப்போக வெயில் நம் ஊர் வெயிலாகிவிடும்.

இன்கா பாதையின் உச்சி 4,215 மீட்டர். இங்கே அவ்வளவு உயரமே இல்லை, குஸ்கோவே இதைவிட உயரம். அதனால் மூச்சைவிட முட்டியைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும். இறக்கத்தில் விரல்கள் ஷூவின் முனையில் இடித்து இடித்து என் இரண்டு கட்டைவிரல் நகங்களும் கறுத்துப்போயின. நகத்தை ஒட்ட வெட்டிக்கொள், ஊன்றுகோல் இரண்டு எடுத்துக்கொள். சுமைக்குக் கோவேறு கழுதை கிடைக்கும்.

முதல் இரவு ஆற்றுக்குப் பக்கத்தில் தங்கினோம். அபுரிமாக் என்றால் இன்காக்களின் கெச்சுவா மொழியில் 'பேசும் தெய்வம்'. இரவெல்லாம் அந்தப் பள்ளத்தாக்கு முழுக்க ஒரே குரல். நான் தூங்கவே இல்லை. தூக்கம் வராததில் வருத்தமும் இல்லை. 1536இல் குஸ்கோவை முற்றுகையிட்டும் ஸ்பானியர்களிடமிருந்து அதை மீட்க முடியாமல்போன இன்கா அரசர் மான்கோ இன்கா பின்வாங்கியது இந்த வில்கபம்பா மலைகளுக்குள்தான். 1572 வரை ஸ்பானியர்களால் அந்த அரசை முடிக்க முடியவில்லை. முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் எப்படித் தாக்குப்பிடித்தார்கள் என்று படிக்கும்போதெல்லாம் யோசித்திருக்கிறேன். மறுநாள் ஏற்றத்தில், பத்தடிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கியபோது அது என் காலுக்குப் புரிந்தது. ரயிலில் வந்து இறங்கியிருந்தால் எனக்குப் புரிந்திருக்காது.

ஏறி முடித்தால் மராம்பாட்டா, நாலைந்து வீடுகள். சூடாக சூப் கிடைக்கும். அதன் பிறகு கொஞ்ச தூரம்தான்.

மச்சு பிச்சுவின் இழைத்த கருங்கல்லை இங்கே எதிர்பார்க்காதே. இங்கே கிடைக்கும் கல் அடுக்கடுக்காக உடையும் ரகம். களிமண் வைத்து அடுக்கிக் கட்டியிருக்கிறார்கள். மலை உச்சி ஒன்றைச் சீவித் தட்டையாக்கி, சுற்றிக் கல் பதித்திருக்கிறார்கள். மச்சு பிச்சுவை உலகுக்குத் தெரியவைத்த அமெரிக்கர் ஹைரம் பிங்ஹாம் 1909இல் இங்கே வந்தார், மச்சு பிச்சுவுக்குப் போனது அதற்குப் பிறகு, 1911இல். இன்றும் ஊரின் பெரும்பகுதி காட்டுக்கு அடியில்தான் கிடக்கிறது. நாங்கள் இருந்த காலையில் எங்களைத் தவிர ஆறேழு பேர்.

அப்புறம், லாமாக்கள், அந்த ஊரின் ஒட்டக இனத்துச் சுமை விலங்குகள். முட்டி வலிக்கிறது என்று அதை மட்டும் விட்டுவிடாதே. ஊருக்குப் பின்பக்கம் செங்குத்தான சரிவில் இறங்கினால் அடுக்கு வயல்கள். அவற்றின் தடுப்புச் சுவர்களில், கறுத்த கற்களுக்கு நடுவே வெள்ளைக் கல் பதித்து லாமாக்களைச் செய்திருக்கிறார்கள். புதர் மூடிக் கிடந்து, இந்த நூற்றாண்டில்தான் வெளியே வந்தன. வயலுக்கு மண்ணைத் தாங்க ஒரு சுவர் போதும். அதில் லாமாவையும் நிறுத்த வேண்டும் என்று நினைத்தவரை நான் அங்கே வெகுநேரம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான்கு நாள் திட்டம்தான் எல்லோரும் விற்பார்கள். நீ ஐந்து நாள் கேள், ஒரு முழு நாள் மேலே இரு. எனக்கு அந்த ஒரு நாள் இல்லை. பதினெட்டு லாமா எண்ணியபோது மேகம் ஏறி வந்து மிச்சச் சுவர்களை மூடிவிட்டது. காத்திருக்க நேரமில்லாமல் திரும்பினேன். நீ மிச்சத்தையும் எண்ணி எழுது.

அன்புடன்,
அண்ணன்