பாலோ ஆல்டோவிலிருந்து பெரியப்பாவுக்கு

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

வணக்கம். நான் இங்கு நலம். தாங்களும் பெரியம்மாவும் நலமாக இருக்க வேண்டுகிறேன். வேலை முடிந்தபின் பொழுதை எப்படிக் கழிக்கிறாய் என்று கேட்டிருந்தீர்கள். நான் குடியிருக்கும் இடத்துக்கு அருகில், யுனிவர்சிட்டி அவென்யூவில், ஸ்டான்ஃபோர்ட் தியேட்டர் என்றொரு பழைய திரையரங்கு இருக்கிறது. 1925இல் கட்டப்பட்ட அதை பேக்கார்ட் குடும்பத்து அறக்கட்டளை வாங்கிப் புதுப்பித்து, 1989இல் மறுபடியும் திறந்தது. பழைய ஹாலிவுட் படங்களே அங்கு ஓடும். 1930களின் இசைப்படங்கள் வந்தால் நான் தவறவிடுவதில்லை.

1929இல் பங்குச்சந்தை சரிந்து, 1933 வாக்கில் இந்த அமெரிக்க நாட்டு உழைப்பாளர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் வேலையின்றி இருந்தார்கள். வங்கிகள் மூடிக்கிடந்த அந்த மார்ச் மாதத்தில்தான் வார்னர் பிரதர்ஸ் படநிறுவனத்தின் 'ஃபார்ட்டி செகண்ட் ஸ்ட்ரீட்' என்ற இசைப்படம் நியூயார்க்கில் வெளியானது. மக்கள் கவலையை மறப்பதற்காக எடுத்த படங்கள் என்றே இவற்றைப் பலரும் சொல்வார்கள். அந்தக் கவலை படத்துக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருப்பதால்தான் இவை இன்றும் பிடித்திருக்கின்றன என்பது என் எண்ணம்.

அதே ஆண்டு வந்த 'கோல்ட் டிக்கர்ஸ் ஆஃப் 1933' படத்தைப் பாருங்கள். தொடக்கத்திலேயே நடிகை ஜிஞ்சர் ரோஜர்ஸ், பெரிய பெரிய நாணயங்களைக் கோத்த உடையில், கையில் பணம் புரள்வதைக் கொண்டாடிப் பாடுகிறார். பின்னால் பெண்கள் வரிசை வரிசையாக ஆடுகிறார்கள். பாட்டு முடிவதற்குள் கடன் பாக்கிக்காக ஜப்தி செய்ய ஆட்கள் மேடையேறி, அந்தப் பெண்கள் போட்டிருக்கும் உடைகளையே பறிக்கிறார்கள். படத்தின் கடைசிப் பாட்டோ முதல் உலகப் போருக்குப் போய்வந்த சிப்பாய்களைப் பற்றியது. ஊரார் ஆரவாரத்தோடு வழியனுப்பிய அதே ஆண்கள் மழையில் நடந்து, காயம்பட்டுத் திரும்பி, இலவச உணவுக்கு வரிசையில் நிற்கிறார்கள். 1932இல் தங்களுக்குச் சேரவேண்டிய ஊக்கத்தொகையைக் கேட்டு வாஷிங்டனில் கூடிய முன்னாள் வீரர்களை ராணுவமே கண்ணீர்ப் புகை வீசி விரட்டியிருந்தது. படம் பார்த்தவர்களுக்கு அது நேற்று நடந்த செய்தி. அந்தப் பாட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்து உருக்கமாகப் பாடும் கறுப்பினப் பாடகி எட்டா மோட்டனின் பெயரைப் படத்தில் போடவே இல்லை. ஒவ்வொரு முறையும் எனக்கு அது மனவருத்தமாகவே இருக்கிறது.

இந்த இரு படங்களின் நடனங்களை அமைத்த பஸ்பி பெர்க்லி, போர்க்காலத்தில் ராணுவத்தில் அணிவகுப்புப் பயிற்சி கொடுத்தவர். காமிராவைக் கூரைக்கருகே ஏற்றி, கீழே ஆடுகிறவர்களைப் பூவாக விரியவும் குவியவும் வைப்பார். நடனத்துக்குப் பேர்போன நடிகர் ஃபிரெட் அஸ்டேர் இதற்கு நேர்மாறு. ஆடும்போது தலை முதல் கால் வரை தெரிய வேண்டும், காட்சியை நடுவில் அதிகம் வெட்டக் கூடாது என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். 1935இல் வந்த 'டாப் ஹேட்' படத்தில் அவரும் ஜிஞ்சர் ரோஜர்ஸும் சேர்ந்தாடும்போது, ரோஜர்ஸின் உடையிலிருந்து நெருப்புக்கோழி இறகுகள் உதிர்ந்து காற்றில் மிதப்பது திரையிலேயே தெரியும். பெரிய திரையில் அதைக் கண்டபோது எனக்கு மெய்சிலிர்த்தது. பெர்க்லி, அஸ்டேர் இருவரில் யார் பெரியவர் என்று கேட்டால், நான் அஸ்டேர் பக்கம்தான்.

தாங்கள் அடிக்கடி புகழும் 'மீரா'வை இயக்கிய எல்லிஸ் ஆர். டங்கனை இங்கே பலமுறை நினைத்துக்கொள்கிறேன். இந்தப் படங்கள் வந்துகொண்டிருந்த காலத்தில் லாஸ் ஏஞ்சலிஸில் சினிமா படித்துவிட்டு, 1935இல் இந்தியாவுக்கு வந்து, மறு ஆண்டே 'சதி லீலாவதி'யை எடுத்தவர் அவர். 'மீரா'வை எந்தத் தியேட்டரில், யாரோடு போய்ப் பார்த்தீர்கள் என்பதை அடுத்த கடிதத்தில் விரிவாக எழுதுங்கள். பெரியம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மகன்