சோயாமீற் பக்கற்றும் முற்றத்து மோட்டார் சைக்கிளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

வன்னியில் குறைந்த விலைப் பொருட்களுக்கு முன்போல் கிராக்கி இல்லை என்றும், கையில் நாலு காசு புழங்கியதும் சனம் வந்த வழியை மறந்து ஆடம்பரத்தில் இறங்கிவிட்டது என்றும், இதனால் உள்ளூர் உற்பத்தி அழிகிறது என்றும் தங்கள் பத்திரிகையின் வாசகர் பக்கத்தில் அன்பர் ஒருவர் அண்மையில் வருந்தியிருந்தார். பலநோக்குக் கூட்டுறவுச் சங்கக் கடைகளில் நீண்ட காலம் வேலை பார்த்து, எந்த மூட்டை எப்போது அவிழ்கிறது, எது மூலையில் கிடந்து வண்டு பிடிக்கிறது என்று கவனித்தே தலை நரைத்தவன் நான். அவர் கண்டது உண்மை. அதற்கு அவர் சொன்ன காரணந்தான் பிழை.

வருமானம் கூடும்போது ஒரு பொருளுக்கான கேள்வி, அதாவது கிராக்கி, குறையுமானால் அதனை இழிவுப் பண்டம் என்று உயர்தர வகுப்புப் பிள்ளைகள் பொருளியலில் படிக்கிறார்கள். வருமானம் மாறும்போது கேள்வி எவ்வளவு மாறுகிறது என்று அளக்கும் வருமான நெகிழ்ச்சி அதற்கு மறைப் பெறுமானமாக, அதாவது பூச்சியத்துக்குக் கீழே, இருக்கும். பெயர் வைத்தவர்கள் சற்று யோசித்திருக்கலாம். இழிவு அந்தப் பொருளிலும் இல்லை, அதை வாங்குகிறவரிடத்திலும் இல்லை. மலிவான பொருளெல்லாம் இந்த வகையில் சேர்வதுமில்லை. உப்பைவிட மலிவான சரக்குகள் கடையில் அதிகம் இல்லை, ஆனால் சம்பளம் கூடிவிட்டதென்று எவரும் கறியில் உப்பைக் குறைப்பதில்லை. சோயாமீற் அப்படியன்று. மீனுக்கோ இறைச்சிக்கோ காசு போதாத நாளில் சட்டியில் அவற்றின் இடத்தை நிரப்பவே பெரும்பாலான வீடுகள் அதை வாங்குகின்றன. காசு வந்ததும் முதலில் விடுபடுவதும் அதுவேதான். விரதம் பிடிக்கிற வெள்ளிக்கிழமைகளிலும், மச்சம் புழங்காத வீடுகளிலும் இந்தக் கணக்குச் செல்லாது. ஒரே பக்கற் ஒரு வீட்டில் இல்லாமைக்கு அடையாளமாகவும் அடுத்த வீட்டில் வழக்கமான உணவாகவும் இருக்கும்.

பெல்ஜியத் தொழிலாளர் குடும்பங்களின் செலவுக் கணக்குகளை ஆராய்ந்த ஜெர்மனியப் புள்ளிவிபரவியலாளர் ஏர்ன்ஸ்ட் எங்கல், வருமானம் கூடக்கூட அதில் உணவுக்குப் போகும் பங்கு குறைகிறது என்று 1857 இல் காட்டினார். உணவுச் செலவு குறைகிறது என்று அவர் சொல்லவில்லை, பங்கு குறைகிறது என்றே சொன்னார். பங்கு குறைகிற அதே வேளையில் உணவின் வகையும் மாறுகிறது: குறுணல் இருந்த இடத்துக்குச் சம்பா வருகிறது, கருவாடு இருந்த இடத்துக்கு உடன்மீன் வருகிறது.

இதனை நாங்கள் மிகத் தெளிவாகக் கண்டது மண்ணெண்ணெயில். போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது ஜாம் போத்தலில் திரி போட்டுச் சொட்டுச் சொட்டாய் எரித்ததை நான் கணக்கில் எடுக்கவில்லை. அன்று கிடைத்ததை வாங்கினோம், அதில் தெரிவு என்று ஒன்று இருக்கவில்லை. 2009 இல் போர் முடிந்தபின் மீள்குடியேறி, மின்சாரம் ஒவ்வொரு ஊராக வந்து, இணைப்புக்குக் கட்டப் பணமும் சேர்ந்தபோது, விளக்குக்கு வாங்குகிறவர்கள் ஒருவர்பின் ஒருவராகக் குறைந்தார்கள். ஆனால் முல்லைத்தீவுக் கரையில் படகு இயந்திரத்துக்கும், தோட்டத்தில் தண்ணீர் இறைக்கும் இயந்திரத்துக்கும் வாங்குகிறவர்கள் குறையவில்லை. வசதி கூடி இன்னொரு இயந்திரம் வாங்கியவர் முன்னிலும் அதிகமாக வாங்கினார். வீட்டு விளக்கில் இழிவுப் பண்டமாக இருப்பது கடற்கரையில் தொழில் உள்ளீடாகிறது. 2022 ஓகஸ்டில் அதன் விலை லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே நாளில் ஏறியபோது, ஏழையின் விளக்கைப் பற்றிப் பலரும் பேசினார்கள். படகுக்காரரின் அடி அதைவிடப் பெரிது.

எதிர்த்திசையில் பயணித்த பொருட்களும் உண்டு. குரக்கன் எங்கள் சிறுபிராயத்தில் அரிசிக்கு வழியில்லாதவர் உணவு. இன்று நீரிழிவுக்காரர் தேடி வாங்குகிறார்கள், வெள்ளை அரிசியைவிடக் கூடிய விலை கொடுத்தும் வாங்குகிறார்கள். மொட்டைக்கறுப்பன் அரிசிக்கும் இப்போது தனி மரியாதை. பண்டம் மாறவில்லை, அதை வாங்குகிறவர் மாறிவிட்டார். ஆகவே குறைந்த விலைப் பொருள் விற்காமல் போவதைக் கண்டு உள்ளூர் உற்பத்தி அழிகிறது என்று அன்பர் முடிவு கட்டுவதும் அவசரமே.

அவர் கவனிக்கத் தவறியது ஒன்று உண்டு. மாதச் சம்பளக்காரரின் வருமானம் படிக்கட்டுப்போல் ஏறுகிறதென்றால், வன்னியில் வயலையும் கடலையும் கூலியையும் நம்பியிருக்கிறவரின் வருமானம் ஊஞ்சல்போல் ஆடுகிறது. காலபோக அறுவடை முடிந்து நெல்லுக் காசு கைக்கு வரும் மாசி, பங்குனியில் மீனும் கோழியும் பால்மாவும் வாங்குகிற அதே குடும்பம், விதைத்து உரமும் போட்டுக் கையிருப்புத் தீர்ந்த கார்த்திகை, மார்கழியில், மழையால் கூலிவேலையும் கொந்தளிப்பால் கடற்தொழிலும் முடங்கிய நாட்களில், சோயாமீற்றுக்கும் கோதுமை மாவுக்கும் திரும்பி வருகிறது. பால்மாவில் பெரிய பக்கற் போய்ச் சின்னப் பக்கற் வருகிறது. கிராம் கணக்கில் பார்த்தால் சின்னதுதான் பெரும்பாலும் விலை கூட. ஆனால் ஒரே தடவையில் பெரியதுக்குக் கொடுக்க அவர்களிடம் காசு இராது. கடன் கொப்பியைப் புரட்டினால் எந்த மாதம் என்று திகதி பாராமலே சொல்லிவிடலாம்.

2022 இல் நாடு முழுவதுமே கார்த்திகை மாதத்துக்குள் போனது. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி அவ்வாண்டு செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 சதவீதம், உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். சம்பளத் தொகை அப்படியே இருக்க அதன் பெறுமதி கரைந்தது. மரவள்ளிக்கும் விறகுக்கும் தேவை திரும்பி வந்தது. சைக்கிளுக்கும் வந்தது, ஆயினும் அதற்குப் பெற்றோல் தட்டுப்பாடும் காரணம் என்பதால் முழுவதையும் வருமானத்தின் தலையில் கட்ட முடியாது. விலை ஏறினாலும் ஏழைகள் அதிகமாக வாங்கும் பொருள் உண்டு என்று 1895 இல் ஆங்கிலப் பொருளியலாளர் அல்பிரட் மார்ஷல், புள்ளிவிபரவியலாளர் ரொபேட் கிபனின் பெயரைச் சுட்டி எழுதினார். இதன் மறுபக்கமாக, சீனாவின் ஹுனான் மாகாணத்தில் அரிசி விலையை மானியத்தால் குறைத்தபோது வறிய வீடுகள் முன்னைவிடக் குறைவாக அரிசி வாங்கியதை ஜென்சன், மில்லர் என்ற இருவர் 2008 இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. எங்கள் கடைகளில் 2022 இல் நடந்ததும் அதுவே என்று சொல்ல நான் துணியமாட்டேன். அப்போது ஒரு பொருள் மட்டுமன்று, எல்லாமே விலையேறின.

இதை எழுத என்னைத் தூண்டியது அன்பரின் கடிதம் மட்டுமன்று. வறிய குடும்பங்களுக்கு உதவித்தொகை வழங்க அரசு 2023 இல் தொடங்கிய அஸ்வெசும நலன்புரித் திட்டம் 22 குறிகாட்டிகளைக் கொண்டு குடும்பங்களைத் தெரிவு செய்கிறது. சொத்தும் வீட்டு நிலையும் அவற்றுள் அடங்கும். வருமானம் உயர்ந்த ஆண்டில் வாங்கிய மோட்டார் சைக்கிள், வருமானம் விழுந்த ஆண்டிலும் முற்றத்தில் நிற்கும். விற்றால் பாதி விலைகூட வராது, விற்றுவிட்டால் வேலைக்குப் போக வழியிராது. சட்டியிலிருந்த மீனோ அடுத்த நாளே சோயாமீற்றாகிவிடும். வரவு குறைந்ததை முதலில் சொல்வது சட்டி, கடைசியில் சொல்வது முற்றம். முற்றத்தைப் பார்த்துவிட்டு இந்த வீடு தேறிவிட்டது என்று எழுதுகிறவர், இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு முந்திய வருமானத்தையே எழுதுகிறார்.

ஆகவே அந்தத் தெரிவை மீள்பரிசீலனை செய்யும் அதிகாரிகளுக்கு ஒரு வேண்டுகோள். தனியாள் கடன் கணக்கை எவரும் கேட்கவேண்டியதில்லை. சங்கக் கடைகளில் குறுணல், கோதுமை மா, சோயாமீற், சின்னப் பால்மாப் பக்கற் ஆகியவற்றின் மாதாந்த விற்பனையைக் கிராம அலுவலர் பிரிவுவாரியாகப் பார்த்தால், எந்தப் பகுதி எந்த மாதத்தில் சறுக்குகிறது என்பது தெரியும்; அந்த மாதங்களில் அங்கே மீண்டும் ஒருமுறை விசாரிக்கலாம்.

அன்பர் பங்குனியில் கடைக்கு வந்திருப்பார் என்று நினைக்கிறேன். கார்த்திகையிலும் ஒருமுறை வந்து பார்க்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கூட்டுறவுச் சங்கப் பணியாளர்,
கிளிநொச்சி.