கிம்ச்சிக்குக் காசு வாங்கவில்லை, ஐயா

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த லாஸ் ஏஞ்சலஸ் பயணக் கட்டுரையைப் படித்தேன். ஹாலிவுட், கடற்கரை, நடைபாதையில் பதித்த நட்சத்திரங்கள் எல்லாம் வழக்கம்போல. அது போகட்டும். கொரியர்கள் கடை போட்ட கொரியாடவுன் பகுதியில் ஒரு பழைய டைனரில் (அமெரிக்கச் சிற்றுண்டிக் கடையில்) சாப்பிட்டதைப் பற்றிக் கட்டுரையாளர், "அமெரிக்கா வரை போயும் கொரியக்காரர் கையால் பான்கேக் சாப்பிட வேண்டியதாயிற்று" என்று எழுதியிருக்கிறாரே, அதுதான் செரிக்கவில்லை.

நான் அந்தப் பகுதியில் குடியிருப்பவன். கட்டுரைப் படத்தில் இருப்பது நாங்கள் சனிக்கிழமைகளில் போகிற கடை. இருக்கைகளில் ரெக்ஸின் கிழிந்த இடங்களில் டேப் ஒட்டியிருக்கும், உண்மை. மேசையில் சிவப்பாக இரண்டு பாட்டில்: ஒன்றில் கெச்சப், இன்னொன்றில் கொச்சுஜாங் என்கிற கொரிய மிளகாய் விழுது. ஒரே இரும்புக் கல்லில் இந்தப் பக்கம் உருளைக்கிழங்கைத் துருவிச் சுடும் ஹாஷ் பிரவுன் முறுகும், அந்தப் பக்கம் கிம்ச்சி (காரம் போட்டுப் புளிக்கவைத்த முட்டைகோஸ்) சோறு புரளும். அதன் தலையில் ஓர் ஆஃப்பாயில். காபி தீரத் தீரக் கேட்காமலே ஊற்றுவார்கள்.

என் மனைவி சைவம். முதல்முறை போனபோது, பேக்கன் வேண்டாம், மீன் வேண்டாம் என்று நாங்கள் சொன்னதை மனதில் வைத்துக்கொண்ட கடைக்கார அம்மா, இவள் கிம்ச்சியில் கை வைப்பதற்குள் ஓடி வந்து கிண்ணத்தை நகர்த்தினார். "இதில் இறால் உப்பு இருக்கிறது, நீ சாப்பிடாதே." பதிலுக்கு நல்லெண்ணெயில் பிரட்டிய சோயா முளை வந்தது. நம் ஊர் ஹோட்டல்களில் குருமாவில் என்ன போட்டீர்கள் என்று கேட்டால் சப்ளையர் முறைக்கிற முறைப்பு தங்களுக்குத் தெரியாததல்ல.

கொரியர்களுக்கு அமெரிக்கச் சாப்பாடு நேற்று அறிமுகமானதல்ல. 1950-53 போருக்குப் பிறகு, அமெரிக்க ராணுவ முகாம்களிலிருந்து வெளியே வந்த ஸ்பாம் என்கிற டின் பன்றி இறைச்சியும் சாசேஜும் கிம்ச்சியோடு சேர்ந்து கொதித்ததில் பிறந்ததுதான் புடே ஜிகே குழம்பு. தென்கொரியாவின் உய்ஜோங்பு நகரில் அதற்கென்றே ஒரு தெரு உண்டு. 1965 அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் வந்தபின் இங்கே ஏராளமாக வந்து மளிகை, லாண்டரி, டைனர் என்று உட்கார்ந்தார்கள். 1992 ஏப்ரல் 29-இல் இந்த ஊரில் தொடங்கிய கலவரத்தில் கொரியர்களின் கடைகள் மட்டும் 2,000-க்கு மேல் சேதமாயின. அந்தக் கலவரத்தின் முப்பதாம் ஆண்டுக்குத் தாங்கள் ஒரு பக்கம் ஒதுக்கினீர்கள். அதில் கொரியர்களின் கடைகளைப் பற்றி ஒரு வரி இல்லை. சுட்டிக்காட்டி எழுதினேன், வெளிவரவில்லை. தபாலில் தவறியிருக்கும். அனுப்பியது மின்னஞ்சல்.

இன்னொன்று. தங்கள் சமையல் பக்கத்தில் ஒருமுறை கிம்ச்சியை "ஊசிப்போன முட்டைகோஸ்" என்று எழுதினார்கள். அதே இதழின் அட்டையில் கொரியப் பாடகர் குழு பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது! விற்பனைக்கு அவர்கள் முகம் வேண்டும், சாப்பாடு மட்டும் ஆகாது போலிருக்கிறது. பாட்டி போட்ட ஆவக்காய் ஜாடியில் மாதக்கணக்கில் கிடந்தால் அதற்குப் பெயர் பக்குவம்.

போகட்டும், அந்த பான்கேக்கைச் சுட்டவரும் கொரியக்காரர் இல்லை, மெக்சிகோவின் வஹாக்காக்காரர். கொரியாடவுனில் ஏறக்குறைய பாதிப் பேர் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர்தான். கட்டுரையாளர் கல்லின் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்திருக்கலாம். செல்ஃபி எடுக்கும் அவசரத்தில் முடிந்திருக்காது.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. "கிம்ச்சிக்கும் தனியாகப் பணம் பிடுங்கிவிட்டார்கள்" என்று எழுதியிருக்கிறார். அந்தக் கடையில் தொட்டுக்கை கிண்ணங்களுக்குக் காசே கிடையாது, கேட்டால் மறுபடியும் தருவார்கள். பில்லில் கூடுதலாக இருந்தது விற்பனை வரி. இந்த ஊரில் அது மெனு விலையில் சேராது. அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் போட்டால் போதும். ஆசிரியர் பக்கத்தில் இடமில்லை என்றால் ராசிபலனுக்குக் கீழே போட்டாலும் சரி.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர்,
லாஸ் ஏஞ்சலஸ்.