எட்டில்லை, நான்கு

குடியாத்தத்திலிருந்து எழுதுகிறேன். வேலூரில் என் வீட்டுக்காரருக்குக் கீமோ என்கிற புற்றுநோய் மருந்து ஏற்றியபோது நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும்; முழுதும் மறுபடி சொல்லத் தெம்பில்லை. நேற்று அவர் திண்ணையில் உட்கார்ந்து இரண்டு இட்லி சாப்பிட்டார்.

பிளேட்லெட் (ரத்தத்தை உறையவைக்கும் அணுக்கள்) கொடுக்க விடியற்காலை பஸ்ஸில் வேலூர் வந்த தறிக்காரத் தம்பிகள், பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட நாத்தனார், முன்பணம் தந்துவிட்டு அதைப் பற்றி வாயே திறக்காத கைலி முதலாளி, இரவெல்லாம் விழித்திருந்த நர்ஸ்கள் என எல்லோருக்கும் ஒரே கும்பிடாகப் போட்டுவிடுகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். இன்று தீதியைப் பற்றித்தான் எழுதவேண்டும்; வங்காளத்தில் தீதி என்றால் அக்கா.

லாட்ஜில் எங்களுக்கு அடுத்த அறை. தன் கணவரின் வைத்தியத்துக்காக ஹவுராப் பக்கமிருந்து வந்தவர். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: மருந்துக்கடை முதல் மெஸ் வரை பலகைகளில் வங்காள எழுத்தைப் பார்த்து, 'இவர்களால்தான் அறை வாடகை ஏறிக்கிடக்கிறது' என்று முணுமுணுத்தவள் நான். கடுகெண்ணெய் வாசனைக்குக் கதவைச் சாத்தியவளும் நான்தான்.

அன்று, மருந்து ஏற்றக் கை நரம்பில் வைத்திருந்த குழாயைக் கழுவிக்கொண்டு அறைக்கு வந்ததும் என் வீட்டுக்காரருக்கு உடம்பு தூக்கிப்போட்டது. குளிர்காய்ச்சல் என்று நினைத்துப் போர்வையைப் போர்த்தி, சுக்குக் கஷாயத்துக்கு ஸ்டவ்வைப் பற்றவைத்தேன். மாத்திரை கொடுத்துவிட்டுக் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணம். தீதி எட்டிப் பார்த்தார். ஸ்டவ்வை அணைத்தார். குழாயைக் காட்டி "லைன், லைன்" என்றார். சுவர்க் கடிகாரத்தைக் காட்டிச் சைகையிலேயே கேட்டார்: கழுவியது எப்போது, நடுக்கம் எப்போது? இரண்டையும் நாட்காட்டித் தாளின் பின்புறம் எழுதி என் உள்ளங்கையில் திணித்தார்.

அவசரப் பிரிவில் டாக்டர் சீட்டைப் பார்த்தார். "கழுவியது 8, நடுக்கம் 8.20 என்று இருக்கிறதே. இப்போது மணி ஐந்துதானே அம்மா?" எனக்குப் பேச்சே வரவில்லை. பக்கத்துப் படுக்கைக்காரரின் மகன் சிரித்துவிட்டான். வங்காளத்தில் நான்கு எழுதினால் நம் கண்ணுக்கு எட்டாகத் தெரியுமாம்!

டாக்டர் சிரிக்கவில்லை. கீமோவால் வெள்ளணுக்கள் குறைந்திருந்த நேரம். குழாயைக் கழுவிய 20 நிமிடத்தில் நடுக்கம். குழாயிலிருந்தும் மறு கை நரம்பிலிருந்தும் ஒரே சமயத்தில் ரத்தம் எடுத்தார்கள். ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் ஏறியது. கை ரத்தத்தைவிடக் குழாய் ரத்தத்தில் கிருமி இரண்டு மணி நேரத்துக்கும் மேல் முந்தி வளர்ந்ததாம். கிருமி குழாயில்தான் என்று அதை எடுத்தே விட்டார்கள்.

அடுத்த குழாய் வைக்கப்போகிறார்கள். அதன் முனையை ஸ்பிரிட் பஞ்சால் 15 விநாடி அழுத்தித் துடைக்காமல் யாரையும் மருந்து ஏற்ற விடமாட்டேன். பக்கத்தில் நின்று வாய்விட்டு எண்ணுவேன். பெரிய டாக்டரே முகம் சுளித்தாலும் சரி.

வார்டிலிருந்து நாங்கள் திரும்புவதற்குள் தீதி காட்பாடியில் ரயில் ஏறிவிட்டார். அவர் அறையில் வேறொரு குடும்பம், அதே கடுகெண்ணெய் வாசனை. நான் கதவைச் சாத்தவில்லை.

வங்காளம் தெரிந்தவர்கள் யாராவது அவருக்கு இதைச் சொல்லுங்கள்: தீதி, சீட்டு என் சுருக்குப்பையில் பத்திரமாக இருக்கிறது. நான்கு எது, எட்டு எது என்று இப்போது எனக்குத் தெரியும்.